இதயத்தைச் சில விநாடி நிறுத்தும் ஊசிக்கும் உங்கள் காலை காபிக்கும் என்ன தொடர்பு?

ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். மாடிப்படி ஏறவில்லை, ஓடவில்லை, மேனேஜர் திட்டவும் இல்லை. திடீரென்று ஸ்விட்ச் போட்ட மாதிரி நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கிறது. கையில் கட்டியிருக்கும் வாட்ச் 190 என்று காட்டுகிறது. தண்ணீர் குடித்தாலும் அடங்கவில்லை, கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அடங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் போடச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறார். "ஒரு மருந்து போடப்போறேன். சில செகண்ட் ரொம்ப மோசமா இருக்கும். உடனே சரியாயிடும், பயப்படாதீங்க."

அவர் மிகைப்படுத்தவில்லை. மருந்து உள்ளே போனதும் முகம் சிவக்கும், நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருக்கும், 'நான் சாகப்போறேன்' என்ற உணர்வு வரும். இந்தக் கடைசி உணர்வு மருத்துவ நூல்களிலேயே பக்கவிளைவாகப் பதிவாகியிருக்கிறது. மானிட்டரில் இதயத்துடிப்பின் கோடு சில விநாடிகள் தட்டையாக ஓடும். பிறகு ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. திரையில் 80 என்று தெரியும். முடிந்தது.

அந்த மருந்தின் பெயர் அடினோசின். வெளியிலிருந்து வந்த விசித்திர ரசாயனம் இல்லை இது. இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மூளையிலும் இதயத்திலும் ரத்தத்திலும் உருவாகிக்கொண்டே இருக்கும் பொருள்தான். காலையில் நீங்கள் குடித்த காபி மல்லுக்கட்டுவதும் இதனோடுதான். இதை மையமாக வைத்து பார்கின்சன், புற்றுநோய், குறைப்பிரசவக் குழந்தைகளின் மூச்சுத் திணறல் என்று பல திசைகளில் மருந்து தேடியிருக்கிறார்கள். சில இடங்களில் அற்புதமாக வேலை செய்தது. சில இடங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்த பிறகு கைவிடப்பட்டது. ஏன் இப்படி?

'பேலன்ஸ் குறைவு' என்றொரு மெசேஜ்

செல்கள் வேலை செய்ய ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழிக்கின்றன. பிரீபெய்டு பேலன்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிபி செலவாகச் செலவாக, அது உடைந்து கடைசியில் மிஞ்சும் பொருள்களில் ஒன்றுதான் அடினோசின். ஓர் இடத்தில் அடினோசின் அதிகமாகச் சேர்ந்தால், அங்கே செலவு அதிகம், வரவு குறைவு என்று அர்த்தம். ஆக்சிஜன் குறைந்தாலும் சேரும், காயம் பட்டாலும் சேரும், ரொம்ப நேரம் விழித்திருந்தாலும் மூளையில் சேரும்.

இந்த மெசேஜைப் படிக்க செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. மொத்தம் நான்கு வகை: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. செய்தி ஒன்றுதான். ஆனால் படிக்கும் இடத்தைப் பொறுத்து பதில் மாறும். இதயத்தில் உள்ள ஏ1 ஏற்பி துடிப்பை மெதுவாக்கும். ரத்தக்குழாயில் உள்ள ஏ2ஏ ஏற்பி குழாயை விரித்து அதிக ரத்தத்தை அனுப்பும். மூளையில் தூக்கம் வரும். நோய் எதிர்ப்புச் செல்களுக்கோ 'போதும், சண்டையை நிறுத்து' என்ற உத்தரவாகப் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கும்.

இங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. ஒரே பூட்டை வீடு முழுக்க எல்லாக் கதவுக்கும் போட்டு வைத்திருக்கிறது உடம்பு. சமையலறைக்கென்று நீங்கள் செய்த சாவி, பூஜை அறையையும் திறக்கும், பீரோவையும் திறக்கும். ஆகவே அடினோசின் மருந்தைப் பொறுத்தவரை 'இது எந்த ஏற்பியில் வேலை செய்யும்?' என்பது பாதிக் கேள்விதான். எங்கே, எவ்வளவு நேரம் என்பதுதான் மீதி. வென்ற மருந்துகளையும் தோற்ற மருந்துகளையும் வரிசையாகப் பார்த்தால் இது புரியும்.

பத்து விநாடி மருந்து

1929-ல் கேம்பிரிட்ஜில் ஆலன் ட்ரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியும் இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இதயம் மெதுவானது, ரத்தக்குழாய்கள் விரிந்தன. அந்தச் சாற்றில் இருந்த வேலைக்காரப் பொருள் அடினோசின் சார்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். (சென்ட்-ஜார்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது, வைட்டமின் சி தொடர்பான ஆய்வையும் சேர்த்து.) ஆனால் அமெரிக்காவில் அடினோசின் ஊசிக்கு ஒப்புதல் கிடைத்தது 1989-ல்தான். அறுபது வருஷம்!

ரத்தத்தில் அடினோசினின் அரை ஆயுள் பத்து விநாடிக்கும் குறைவு. ரத்தச் சிவப்பணுக்களும் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களும் அதைக் கண்ட உடனேயே இழுத்துக்கொள்கின்றன. மாத்திரையாகக் கொடுத்துப் பயனில்லை. சாதாரண மருந்துக்கு இது பெரிய குறை. படபடப்பு நோய்க்கு இதுவே வரம்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் திடீர் படபடப்பை சுருக்கமாக எஸ்விடி என்பார்கள். அதில் பெரும்பாலான வகைகளில், இதயத்தின் மின்சிக்னல் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் சந்திப்பில் வழி தவறி, ரவுண்டானாவில் மாட்டிய வண்டி மாதிரி சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. அந்தச் சந்திப்பில் ஏ1 ஏற்பிகள் உண்டு. அடினோசின் போய் உட்கார்ந்ததும் சில விநாடிகளுக்கு சந்திப்பே மூடப்படும். சுற்றிக்கொண்டிருந்த சிக்னல் வழியில்லாமல் அணைந்துபோகும். அடுத்து இதயத்தின் வழக்கமான பேஸ்மேக்கர் பொறுப்பேற்கும். அதற்குள் மருந்தே காலி.

முதலில் 6 மில்லிகிராம், பலிக்கவில்லை என்றால் 12 மில்லிகிராம். ஓரிரு விநாடிகளில் சட்டென்று செலுத்தி, பின்னாலேயே சலைனையும் வேகமாகத் தள்ளுவார்கள். மெதுவாகப் போட்டால் இதயம் போய்ச் சேர்வதற்குள் மருந்து தீர்ந்துவிடும். முழங்கையில் பெரிய நரம்பைத் தேடுவதும் அதற்காகத்தான்.

ஊசிக்கு முன் ஒரு எளிய வழியையும் டாக்டர்கள் முயன்று பார்ப்பார்கள். சிரிஞ்சுக்குள் முக்கி ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்து காலை உயர்த்திப் பிடிப்பது. பிரிட்டனில் 428 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு ஊசி இல்லாமலேயே துடிப்பு சீரானது. கால் உயர்த்தாத பழைய முறையில் அது 17 சதவீதம்தான். செலவு? ஒரு காலி சிரிஞ்சு.

சரி, காபி எங்கே வருகிறது?

கஃபீன் மூலக்கூறின் வடிவம் அடினோசினைப் போலவே இருக்கும். ஏ1, ஏ2ஏ ஏற்பிகளில் போய் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளும், ஆனால் மெசேஜைப் படிக்காது. சீட்டில் கர்ச்சீப் போட்டு வைப்பது மாதிரி. அடினோசின் வந்து நின்றுகொண்டே இருக்கும். அதனால் காபி நமக்குச் சக்தி கொடுப்பதில்லை. களைப்பு என்ற செய்தியை மறைக்கிறது, அவ்வளவுதான். கஃபீனின் அரை ஆயுள் பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம். மாலை 4 மணிக்குக் குடித்த காபியில் பாதி, ராத்திரி 9 மணிக்கும் உள்ளே இருக்கிறது. (இதை எழுதும் நேரத்தில் டெஸ்க்கில் மூன்றாவது கப் ஓடுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.)

இதன் விளைவு ஆஸ்பத்திரியில் நேரடியாகத் தெரியும். காபி குடித்துவிட்டு வந்தவருக்கு அடினோசின் ஊசி சரியாகப் பலிக்காமல் போகலாம். இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் ஸ்கேனிலும் இதே கதை. டிரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின் அல்லது ரெகாடெனோசான் என்ற ஏ2ஏ மருந்தைக் கொடுத்து, இதய ரத்தக்குழாய்களை மருந்தாலேயே விரியவைப்பார்கள். நல்ல குழாய் விரியும், அடைப்புள்ள குழாய் விரியாது. அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். முன்னதாக 12 மணி நேரமாவது காபி, டீ, கோலா, சாக்லேட் கூடாது என்பார்கள். சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு. 'ஒரு வாய் காபிதானே' என்று குடித்துவிட்டுப் போனால், டெஸ்ட் தள்ளிப்போகும். அதைவிட மோசம், அடைப்பு இருந்தும் தெரியாமல் போகலாம்.

கஃபீனுக்குப் பங்காளி ஒருவர் இருக்கிறார்: தியோஃபிலின். வீசிங் உள்ள தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளில் 'டெரிஃபிலின்' மாத்திரை தெரிந்திருக்கும். அதில் இருப்பது இந்த வகைதான். மூச்சுக்குழாயைத் தளர்த்தும், கூடவே அடினோசின் ஏற்பிகளையும் மறைக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு என்று ஓவராகக் காபி குடித்த அறிகுறிகளே அதன் பக்கவிளைவுகளும். ஆச்சரியமில்லை.

குட்டிக் குழந்தைகளின் காபி

கஃபீனை டாக்டரே எழுதிக்கொடுக்கும் ஓர் இடம் உண்டு. பச்சிளம் குழந்தைகளுக்கான ஐசியு.

ரொம்பச் சீக்கிரமே பிறந்துவிடும் குழந்தைகளுக்கு மூச்சு விடவேண்டும் என்ற உத்தரவை அனுப்பும் மூளைப்பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. மூச்சு நடுவில் நின்றுபோகும். நர்ஸ் காலில் தட்டினால் மறுபடி வரும், பிறகு நிற்கும். அடினோசின் அந்த மூச்சு உத்தரவை மேலும் மந்தப்படுத்துகிறது. கஃபீன் சிட்ரேட் கொடுத்தால் அந்தத் தடை விலகி, குழந்தை தானாக மூச்சு விடும்.

இதை ரொம்ப நாளாகவே கொடுத்து வந்தார்கள். வளரும் மூளையில் அடினோசினை மறிப்பது பின்னாளில் கேடு செய்யுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது பார்பரா ஷ்மிட் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு. 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த 2,006 குழந்தைகள். பாதிப் பேருக்குக் கஃபீன், பாதிப் பேருக்கு வெற்று மருந்து. 2006-லும் 2007-லும் முடிவுகள் வெளியாகின. நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு 47 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒன்றரை வயது தாண்டிப் பரிசோதித்தபோது, பெருமூளை வாதம் வந்தவர்கள் 7.3 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். மூளைக்குக் கெடுதலோ என்று பயந்த மருந்து மூளையைக் காப்பாற்றியிருந்தது.

2020-ல் இந்தியாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகிலேயே அதிகம் இங்கேதான். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், அடினோசின் ஏற்பியைத் தொடும் மருந்துகளிலேயே நமக்கு மிக முக்கியமானது விலை உயர்ந்த புது மாத்திரை எதுவும் இல்லை, இந்தப் பழைய கஃபீன்தான் என்று தோன்றுகிறது. பச்சிளம் உடலில் அதன் அரை ஆயுள் 5 மணி நேரமில்லை, மூன்று நான்கு நாள். கல்லீரல் இன்னும் தயாராகவில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு முறை கொடுத்தால் போதும்.

பார்கின்சன்: காபியில் ஆரம்பித்த தேடல்

ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. காபியே குடிக்காதவர்களுக்கு பார்கின்சன் வரும் விகிதம், நிறையக் குடித்தவர்களைவிட சுமார் ஐந்து மடங்கு. வாட்ஸ்அப்பில் 'காபி குடித்தால் கைநடுக்க நோய் வராது' என்று சுற்றும் ஃபார்வர்டுகளின் மூதாதை இந்த மாதிரி ஆய்வுகள்தான்.

கொஞ்சம் பொறுங்க. குடித்தவர்களுக்குக் குறைவாக வந்தது என்பதும், காபிதான் தடுத்தது என்பதும் ஒன்றல்ல. வந்த நோயைக் காபி குறைக்கும் என்பது முற்றிலும் வேறு விஷயம். அதையும் சோதித்தார்கள். பார்கின்சன் நோயாளிகள் 121 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குத் தினமும் இரு வேளை 200 மில்லிகிராம் கஃபீன் கொடுத்தார்கள். 2017-ல் வந்த முடிவு: நடையிலும் அசைவிலும் பலன் இல்லை.

ஆனால் காபி காட்டிய திசை வீண்போகவில்லை. மூளையில் நம் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில், சில நரம்புச் செல்களில் டோபமினின் டி2 ஏற்பியும் அடினோசினின் ஏ2ஏ ஏற்பியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லும் மற்றொன்று. பார்கின்சனில் டோபமின் குறைந்துவிடுவதால், ஏ2ஏ-யின் பிரேக் மட்டும் அழுத்தியபடியே இருக்கும். அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்?

ஜப்பானின் கியோவா ஹக்கோ கிரின் நிறுவனம் உருவாக்கிய இஸ்ட்ராடெஃபிலின் இதைத்தான் செய்கிறது. பெயரில் இருக்கும் 'ஃபிலின்' தற்செயல் இல்லை. இதுவும் கஃபீன், தியோஃபிலின் குடும்பம்தான். ஆனால் ஏ2ஏ-வை மட்டும் குறிவைப்பது மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். உடம்பில் ஏ2ஏ பல இடங்களில் இருந்தாலும், மூளைக்குள் அது குவிந்து கிடப்பது இந்தப் பகுதியில்தான். சாவி ஓரளவுக்குச் சரியான கதவுக்குப் போகிறது.

யாருக்குக் கொடுப்பார்கள்? லெவோடோபா மாத்திரையின் வேலை அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்து, உடல் இறுகிப்போகும் 'ஆஃப்' நேரம் உள்ளவர்களுக்கு. லெவோடோபாவுக்குப் பதிலாக இல்லை, கூடவே. சோதனைகளில் வெற்று மருந்தோடு ஒப்பிடும்போது ஒரு நாளில் ஆஃப் நேரம் குறைந்தது ஒரு மணி நேரத்தை ஒட்டிய அளவுதான். இதைப் பெரிய விஷயம் என்பதா, சின்ன விஷயம் என்பதா? அரசுகளே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் எஃப்டிஏ 2008-ல் முடியாது என்றது. ஜப்பான் 2013-ல் ஒப்புதல் கொடுத்தது. எஃப்டிஏ 2019-ல் மனம் மாறியது. ஐரோப்பிய மருந்து முகமை 2021-ல் மறுத்தது. ஒரே மருந்துக்கு மூன்று விதமான பதில். நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் தானாகச் சட்டை பட்டன் போட ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், என் கணக்கில் அது சின்ன விஷயமில்லை. நோய் வளர்வதை இது நிறுத்தும் என்றோ, எல்லாருக்கும் பலிக்கும் என்றோ யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

தோற்றவை

இதே ஏ2ஏ-வைக் குறிவைத்த ப்ரெலாடெனன்ட் இறுதிக்கட்ட சோதனையில் பலன் காட்டாமல் 2013-ல் நின்றது. டோசாடெனன்ட் நிலைமை இன்னும் மோசம். சிலருக்கு வெள்ளையணுக்கள் அபாயகரமாகக் குறைந்தன, சோதனையில் இருந்தவர்களில் உயிரிழப்பும் நேர்ந்தது. 2017-ல் கைவிட்டார்கள்.

பாடமாகச் சொல்லவேண்டியது ரோலோஃபிலின். சிறுநீரகத்தில் உள்ள ஏ1 ஏற்பியை மறித்தால் சிறுநீர் நன்றாகப் பிரியும், இதயம் செயலிழந்து உடல் வீங்கியவர்களுக்கு அது உதவும் என்பது திட்டம். காகிதத்தில் அருமை. 2,033 நோயாளிகளிடம் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை. ரோலோஃபிலின் எடுத்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது. மூளையில் நரம்புகள் கட்டுமீறாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக்குகளில் ஒன்று இதே ஏ1 ஏற்பி. சிறுநீரகத்துக்கு என்று அனுப்பிய சாவி மூளைக் கதவையும் திறந்துவிட்டது.

கட்டிக்குள் ஒளியும் கேடயம்

புற்றுநோய்க் கட்டிக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறை, செல்கள் சாவதும் பிறப்பதுமாக இருக்கும். வெளியே சிந்தும் ஏடிபியை சிடி39, சிடி73 என்ற இரண்டு நொதிகள் வெட்டி வெட்டி அடினோசினாக்கும். கட்டியைத் தாக்க வரும் டி செல்களின் ஏ2ஏ ஏற்பியில் அது போய் உட்கார்ந்தால், 'இங்கே காயம் ஆறிக்கொண்டிருக்கிறது, திரும்பிப் போ' என்ற செய்தி கிடைக்கும். காயம் ஆறும்போது தேவையான நல்ல ஏற்பாடுதான். கட்டி அதைத் திருடிக்கொள்கிறது.

மிக்கைல் சிட்கோவ்ஸ்கியின் குழு 2001-ல், ஏ2ஏ இல்லாத எலிகளில் அழற்சி அடங்காமல் போவதைக் காட்டியது. 2006-ல், அப்படிப்பட்ட எலிகளில் பல கட்டிகளை விரட்டியடித்ததைக் காட்டியது. அதன்பின் ஏ2ஏ-வை மறிக்கும் மாத்திரைகள், சிடி73-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் என்று நிறைய மனிதச் சோதனைகள் ஆரம்பித்தன. சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனாலும் இந்த வழியில் ஒரு மருந்துகூட இதுவரை புற்றுநோய்க்கான ஒப்புதல் வாங்கவில்லை. எலியிடம் கிடைத்தது மனிதரிடம் அப்படியே கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில், அடினோசினைக் கூட்டி அழற்சியை அடக்கும் மருந்து ஒன்று ஏற்கெனவே நம் ஊரில் ஏராளமானோர் கையில் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெதோட்ரெக்ஸேட். அழற்சி உள்ள இடத்தில் அது அடினோசினைப் பெருகச் செய்கிறது என்பதை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் புரூஸ் கிரான்ஸ்டீன் குழு 1993-ல் விலங்கு ஆய்வில் காட்டியது. தேவையான இடத்தில் மட்டும் என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை என்பதையும்தான். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் உண்டு.

படபடப்புக்கு ஆஸ்பத்திரி போனால்

முதலில் சொன்ன அந்த அவசர சிகிச்சை அறைக்கே திரும்புவோம். ஆஸ்துமா இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், மூச்சுக்குழாய் சுருங்கலாம். கடைசியாகக் காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எப்போது குடித்தீர்கள், வீசிங் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க டைபிரிடமோல் எடுப்பவர்களுக்கு அடினோசின் சாதாரண அளவிலேயே பல மடங்கு வேலை காட்டும். செல்கள் அடினோசினை இழுத்துக்கொள்வதை அது தடுத்துவிடுகிறது.

இன்னொன்று. எஸ்விடி வந்த வேகத்தில் போய்விடும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நார்மலாகிவிட்டால், 'டென்ஷன், தூக்கமில்லை, பேனிக் அட்டாக்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறிப்பாக இளம்பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அதனால் படபடப்பு இருக்கும்போதே எடுத்த இசிஜி தாளையும், ஊசி போடும்போது மானிட்டரிலிருந்து ஓடிய தாளையும் கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வையுங்கள். சிக்னல் எந்த இடத்தில் சுற்றியது, அடினோசின் அதை எப்படி நிறுத்தியது என்பதை அந்தத் தாளிலிருந்தே இதய மின்னியல் நிபுணர் படிப்பார். மிகப் பரவலான எஸ்விடி வகையில், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த ரவுண்டானாவையே சுட்டு மூடும் அப்ளேஷன் சிகிச்சை 90 சதவீதத்துக்கும் மேல் பலிக்கிறது. அதன்பிறகு அந்தப் பத்து விநாடி ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.